நாலு நாய்க்கு விஷம் வைத்திருக்கிறார்கள்: போட்டோவைப் பரப்பினால் தண்டனை கிடைக்குமா?

#1 பச்சைத்தேயிலை (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல இன்னைக்குக் காலையில நாலு நாய் செத்துக் கிடந்துச்சு. பஸ் நிக்கிற இடத்துல ரெண்டு, லைன் வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு. நாலாவது தேயிலைக்குள்ள போய்ச் சுருண்டு கிடந்தது, அதுதான் மூக்கன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெச்ச பேரு. ரோட்டுல காட்டெருமை நின்னா முதல்ல குரல் குடுக்கிறது அவன்தான். அதனாலயே பிள்ளைங்க அவனைக் கூட்டிக்கிட்டுத்தான் பஸ்ஸுக்கு வரும்.

கீழ்வீட்டு அக்கா இலை பறிக்கப் போகும்போது பார்த்திருக்காங்க. வாயெல்லாம் நுரை, நாலு காலும் விறைச்சிருந்தது, நகத்துக்குள்ள மண்ணு. சாகறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் மண்ணைப் பிறாண்டியிருக்கான். பக்கத்துல ஒரு சோத்துப் பொட்டலம். கோழி எலும்போட கத்தரிப்பூ நிறத்துல குருணை குருணையா ஏதோ ஒட்டியிருந்தது.

ஊர் வாட்ஸ்அப் குரூப்புல மத்தியானத்துக்குள்ள ஒரு கடையோட கேமரா வீடியோ வந்துடுச்சு. ராத்திரி 10 மணிக்கு மேல ஒரு ஆள் பையோட நடந்து போறாரு, அவ்வளவுதான் அதுல இருக்கு. முகம் சரியாத் தெரியல. ஆனா இன்னார்தான்னு ஒருத்தர் சொல்ல, அடுத்த அரை மணி நேரத்துல அவர் போட்டோ, போன் நம்பர், வீடு எல்லாம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. கையை வெட்டணும், அதே சோத்தை அவனுக்கு ஊட்டணும்னு எழுதறாங்க. கோபம் எனக்கும் இருக்கு. மூக்கனைத் தூக்கிட்டு வரும்போது எனக்கு அழுகையை அடக்க முடியல. ஆனா இது எங்க போய் முடியும்னு பயமாவும் இருக்கு. சட்டப்படி என்ன தண்டனை உண்டு? யார்கிட்ட போகணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 குன்னூர் மழை

சட்டமா? அம்பது ரூபா அபராதம் அக்கா. ஒரு உயிரைத் துடிக்கத் துடிக்கக் கொன்னுட்டு அம்பது ரூபா கட்டிட்டுப் போகலாம். அதுதான் நம்ம நாட்டுச் சட்டம். அந்த ஆளை ஊர் நடுவுல நிக்க வெச்சாத்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும். போட்டோவை இங்கயும் போடுங்க, நாங்க குன்னூர் முழுக்கப் பரப்பறோம். இன்னைக்கு நாய், நாளைக்குக் குழந்தை. இப்படிப்பட்டவனை வெளியவே விடக் கூடாது.

#3 ஊட்டி சன்னத்து

குன்னூர் மழை சொல்லும் 50 ரூபாய் உண்மைதான். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. முதல் தடவை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம். 3 வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் 50 ரூபாய் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பெரிய பணம். தொகை அப்படியே நின்றுவிட்டது. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்குத் தீர்ப்பிலேயே உச்சநீதிமன்றம் இந்தத் தண்டனை போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று சொன்னது. நம் ஊரில் அந்தத் தீர்ப்பைப் பற்றி அத்தனை பேசினோம், இந்தப் பகுதியை யாரும் பேசவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கொடூரமான வதைக்கு 1 முதல் 3 வருடம் வரை சிறை, கொன்றால் 5 வருடம் வரை என்று அதில் இருந்தது. அந்த வரைவு சட்டமாகவில்லை.

ஆனால் அம்மா, உங்கள் வழக்கு 50 ரூபாயோடு நிற்கிற வழக்கு இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. எந்த விலங்கையும் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. விலங்குக்கு 10 ரூபாயோ 50 ரூபாயோ மதிப்பு இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். தெருநாய்க்கு ஏது விலை, அதற்கு யார் உடைமையாளர் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். இப்போது அந்த விலைப் பேச்சு போய்விட்டது. காவல்துறை நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்காமல் வழக்குப் பதியலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் ஆள் அன்றைக்கே வெளியே வந்துவிடுவார். அதைப் பார்த்து வழக்கே போய்விட்டது என்று பதறாதீர்கள்.

இன்னொன்று அவசரம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் 36ஆவது பிரிவின்படி சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தின் கதவு சாத்திவிடும். நான் பார்த்த பல வழக்குகள் செத்தது இந்தக் கெடுவில்தான். குரூப்பில் மாதக்கணக்கில் கொதித்திருப்பார்கள், ஸ்டேஷனுக்கு ஒருத்தரும் எழுத்தில் போயிருக்க மாட்டார்கள்.

போட்டோவைப் பரப்ப வேண்டாம். முகம் தெரியாத வீடியோவை வைத்து ஓர் ஆளைக் கொலைகாரன் என்று எழுதினால், முதல் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

#4 மருத்துவப்பை

பச்சைத்தேயிலை, முதல்ல இதைப் படிங்க. நாய்களைப் புதைச்சிட்டீங்களா?

நான் கால்நடை மருத்துவம் பார்க்கறவன், மலையிலதான் வேலை. நீங்க சொல்ற நுரை, விறைப்பு, கத்தரிப்பூ நிறக் குருணை எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா பயிருக்குப் போடற குருணை மருந்துன்னு சந்தேகம் வருது. சந்தேகம்தான், ஆய்வகம் சொன்னாத்தான் உறுதி. இந்த மாதிரி மருந்து உள்ள போனா எச்சில் நிக்காம வழியும், கண்ணோட பாப்பா சுருங்கிப் புள்ளியாயிடும், தசையெல்லாம் துடிக்கும், கடைசியில மூச்சுவிட முடியாம சாகும். மண்ணைப் பிறாண்டினதுன்னு சொன்னீங்களே, அதுதான் அந்தத் துடிப்பு.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். உடம்பைப் புதைக்காதீங்க, எரிக்காதீங்க. சாக்குல சுத்தி ஐஸ் வெச்சு நிழல்ல வையுங்க, நம்ம குளிருக்கு ஒரு ராத்திரி தாங்கும். பொட்டலத்தை வெறுங்கையால தொடாதீங்க, பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. அது கிடந்த இடத்துலயே வெச்சு போட்டோ எடுத்துக்குங்க. போலீஸ் கடிதம் குடுத்தா அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்வார். இரைப்பை, அதுல இருக்கிற சோறு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாத்தையும் தனித்தனி ஜாடியில, நல்லா உப்புக் கரைச்ச தண்ணியில போட்டு முத்திரை வெச்சுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பணும். ஃபார்மலின் ஊத்திட்டா விஷம் கண்டுபிடிக்கிறது கஷ்டமாயிடும். இது தெரியாம நல்ல மனசோட ஊத்தினவங்களை நான் பார்த்திருக்கேன்.

பெரும்பாலும் என்ன நடக்கும்னா, சாயங்காலத்துக்குள்ள ஊர்க்காரங்களே பாவம்னு குழி வெட்டி மாலை போட்டுப் புதைச்சிடுவாங்க. மறுநாள் எங்ககிட்ட வந்து சான்றிதழ் கேப்பாங்க. எதைப் பார்த்துக் குடுக்கறது?

#5 பச்சைத்தேயிலை (கோத்தகிரி)

மூணு நாயைப் புதைச்சிட்டாங்க சார். மூக்கனை மட்டும் பிள்ளைங்க வந்து பார்க்கட்டும்னு வெச்சிருந்தோம். இப்பவே ஐஸ் வாங்க ஆள் அனுப்பறேன்.

#6 மாவனல்லா

நான் மசினகுடி. ஜீப் ஓட்டறேன். ஊட்டி வக்கீல் அண்ணா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும்.

2021 ஜனவரியில எங்க மசினகுடியில செத்த யானையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த யானைக்கு முதுகுல பழைய காயம் இருந்தது. வனத்துறை பழத்துக்குள்ள மருந்து வெச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க. ஆளைப் பார்த்தா விலகிப் போற யானை, யாரையும் துரத்தினதில்ல. ஜனவரியில காது கிழிஞ்சு, ரத்தமும் சீழுமா ரோட்டோரம் நின்னப்போ, வேற யானையோட சண்டை போட்டிருக்கும்னுதான் எங்க ஊர்லயும் பேசிக்கிட்டாங்க. கும்கிகளை வெச்சுப் பிடிச்சு லாரியில தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டு போறப்போ 19ஆம் தேதி வழியிலயே செத்துடுச்சு. லாரிப் பக்கத்துல நின்னு தும்பிக்கையைத் தடவிக்கிட்டு வனத்துறை ஊழியர் ஒருத்தர் அழுத வீடியோ உலகமெல்லாம் போச்சு.

மூணு நாள் கழிச்சுத்தான் இன்னொரு வீடியோ வந்தது. ராத்திரி, ஒரு தங்கும் விடுதி வளாகம், நெருப்புப் பத்தின எதையோ யானை மேல வீசறாங்க. அது காதுல மாட்டி எரியுது. எரியிற நெருப்போட யானை பிளிறிக்கிட்டு இருட்டுக்குள்ள ஓடுது. நான் ஒரு தடவைதான் பார்த்தேன், மறுபடி பார்க்க முடியல.

அந்த வீடியோ வந்த பிறகுதான் கைது, விடுதிக்கு சீல், எல்லாமே. வீடியோ வரலைன்னா அது சண்டையில காயம்பட்ட யானைதான். அந்த ராத்திரி நெருப்பைப் பார்த்தவங்க, சத்தம் கேட்டவங்க இருந்திருக்கணும். யாரும் மறுநாள் காலையில போய்ச் சொல்லல. எனக்கு வர்ற கோபம் அங்கதான் வருது. வீசினவங்களைத் தூக்குல போடுன்னு எழுதினது லட்சம் பேர். அன்னைக்கே ஒரு ஆள் வாயைத் திறந்திருந்தா காதுக்கு மருந்தாவது போட்டிருக்கலாம்.

#7 குன்னூர் மழை

அண்ணா, நீங்க சொல்றதைப் படிச்சு மனசு கனத்துடுச்சு. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. இவ்வளவு பண்ணவங்களுக்குப் பெரிய தண்டனை இருந்தாத்தானே பயம் வரும்? யானை, புலின்னா தூக்குத் தண்டனையே குடுக்கலாம்.

#8 ஊட்டி சன்னத்து

யானை, புலி, சிறுத்தை, காட்டெருமை எல்லாம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேட்டையாடினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் குறைந்தபட்ச அபராதமும் 25,000 ரூபாய் ஆனது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. விஷம் வைப்பது, பொறி வைப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். ஏழு வருடம் சின்னத் தண்டனையா? இருந்தும் நடக்கிறது. மாட்டமாட்டோம் என்ற தைரியத்தில் செய்கிறவனுக்கு ஏழும் ஒன்றுதான், எழுபதும் ஒன்றுதான்.

நாய் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். 50 ரூபாய் மாற வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்ததும் ஸ்டேஷனில் இருக்கிறவருக்கே இது ஒரு வழக்கா என்று தோன்றிவிடுகிறது.

#9 மேல்குந்தா மண்

எல்லாரும் படிச்சேன். நான் கேரட்டும் உருளையும் போடறவன், எமரால்டு பக்கம்தான் நிலம். பாலுக்கு ரெண்டு மாடு. என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, எழுதறேன்.

2023 செப்டம்பர்ல அவலாஞ்சிப் பக்கம் ரெண்டு புலி செத்துக் கிடந்துச்சு. கிட்டத்துலயே செத்த மாடு. மாட்டுல விஷம் இருந்ததுன்னு தெரிஞ்சு, மாட்டுக்காரரைக் கைது பண்ணாங்க. புலி தன் மாட்டைக் கொன்ன ஆத்திரத்துல பூச்சிமருந்தை அதுல வெச்சதாச் செய்தி வந்தது. அப்போ இணையத்துல என்னென்ன எழுதினாங்கன்னு நான் படிச்சேன். மிருகம், அரக்கன், குடும்பத்தோட காட்டுல விடு. மசினகுடியில விளையாட்டுக்கு நெருப்பு வீசினவங்களுக்கு என்ன வசவோ அதே வசவுதான் இவருக்கும்.

ரெண்டும் ஒண்ணா? நான் அவர் செஞ்சதைச் சரின்னு சொல்லல. விஷம் வெச்சா புலி மட்டுமா சாகும்? கழுதைப்புலி, நரி, காக்கா, நாய், எது வாய் வெச்சாலும் சாகும். தண்டனை குடுக்கட்டும். ஆனா மாடு வீடு திரும்பாத ராத்திரி எப்படி இருக்கும்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க கிடாரியைச் சிறுத்தை தூக்கின வருஷம் நானும் என் சம்சாரமும் டார்ச் அடிச்சுக்கிட்டு ஓடையோரம் பூரா தேடினோம். விடிஞ்சப்போ பாதி உடம்புதான் கிடந்தது. நிவாரணத்துக்கு எழுதிக் குடுத்துட்டு, போட்டோ ஒட்டி, மருத்துவர் சான்று வாங்கி, ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்கு நடந்தேன். பணம் கைக்கு வர்றதுக்குள்ள அடுத்த கன்னே வளர்ந்துடுச்சு. எங்க ஊர்ல இப்படி நடந்து சலிச்சவங்க நிறைய.

அந்த சலிப்புலதான் மருந்து டப்பா பக்கம் கை போகுது. தண்டனையைப் பத்திப் பேசறவங்க இதையும் சேர்த்துப் பேசுங்க.

#10 குன்னூர் மழை

அண்ணா, அந்த ஆகஸ்ட், செப்டம்பர்ல நீலகிரியில 10 புலி செத்துச்சு. அதுல 6 குட்டி. எனக்கு உங்க மாட்டு மேலயும் பரிதாபம்தான், ஆனா காடு அவங்க வீடு.

#11 மேல்குந்தா மண்

பத்தும் விஷத்துல சாகலம்மா. விஷம்னு வழக்கானது அந்த ரெண்டுதான். இந்தக் கணக்கைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லித்தான் எங்க ஊரே புலிக்கு விஷம் வெக்கிற ஊருன்னு பேராச்சு. காடு அவங்க வீடுன்னா எங்க ஹட்டியும், அதான் எங்க ஊரும், நேத்து வந்ததில்ல.

#12 தேவாலா லைன்

கூடலூர் பக்கத்துலேர்ந்து எழுதறேன். எங்கப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க. நான் எஸ்டேட்லயே பொறந்து வளர்ந்தவன்.

இந்தக் கோபம் யாரைப் பார்த்து வருதுன்னு கவனிச்சிருக்கேன். தேயிலைக்குள்ள சுருக்குக் கம்பி வெப்பாங்க, காட்டுப்பன்னிக்கு. பிரேக் வயர் இருக்கே, அதைக் கண்ணி போட்டு வேலி இடுக்குல கட்டிடுவாங்க. பன்னி வர்ற பாதையில சிறுத்தையும் வரும். இடுப்புல மாட்டினா அது இழுக்க இழுக்க இறுகும். ஒரு தடவை விடிகாலை இலைக்குப் போன பொம்பளைங்க சத்தம் போட்டு ஓடிவந்தாங்க. போய்ப் பார்த்தா கம்பி தோலை அறுத்து உள்ள போயிருச்சு, சுத்திலும் ரெண்டு வரிசைத் தேயிலைச் செடி வேரோட பிடுங்கிக் கிடக்கு. ராத்திரி பூரா போராடியிருக்கு. வனத்துறை வந்து மயக்க ஊசி போடறதுக்குள்ள உயிர் போயிருச்சு. வீடியோ எடுத்தாங்க, ரெண்டு நாள் ஓடுச்சு. சிறுத்தைன்னா சனங்களுக்குப் பயம், அதனால அழ ஆளில்ல. கம்பி வெச்சது யாருன்னு ஊருக்கே தெரியும். யாரும் சொல்லல. கறியில பங்கு வாங்கின வீடு பக்கத்து வீடா இருக்கும்போது எவன் சொல்லுவான்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2021ல டி23 புலி. ஆட்களைக் கொன்னுச்சு, நாங்க வேலைக்குப் போக முடியல, சுட்டுப் பிடிங்கன்னு ரோட்டுல உட்கார்ந்தோம். அப்போ எங்களை ரத்த வெறி பிடிச்சவங்கன்னு எழுதினாங்க, டவுன்ல உட்கார்ந்துக்கிட்டு. ஹைகோர்ட்டு உடனே கொல்ல வேண்டாம்னுச்சு. பழங்குடி அண்ணன்மாரும் வனத்துறையும் சேர்ந்து அக்டோபர் 15ஆம் தேதி உயிரோட பிடிச்சாங்க, மைசூருக்குக் கொண்டு போனாங்க. பிடிச்சதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா அந்த வசவு இன்னும் மனசுல கிடக்கு.

#13 அட்டப்பாடி எல்லை

தேவாலா அண்ணன் சொன்னது போட்டோ விஷயத்துக்கும் பொருந்தும். 2020 மே 27ஆம் தேதி வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானை நினைவிருக்கும். வாய்க்குள் வெடி வெடித்து, தின்ன முடியாமல், வலிக்கும் ஈக்கும் தண்ணீரில் தும்பிக்கையை முக்கிக்கொண்டு நின்றது. நடந்தது பாலக்காடு மாவட்டம். மலப்புறம் என்று தப்பாகப் பரவி, யானைக்காக அழுதவர்களில் பாதிப் பேர் அந்த மாவட்டத்து மக்களை மதத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டு இருந்தார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த வெடி என்று விசாரணையில் வந்தது. நம் பக்கம் அவுட்டுக்காய் என்போமே, அதேதான். அதற்குப் பிறகும் எல்லையின் இரண்டு பக்கமும் அவுட்டுக்காய் வைப்பது நிற்கவில்லை. மதத்தைத் திட்டினவர்கள் யாரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

உங்கள் வீடியோவில் இருக்கும் ஆள் பையில் என்ன வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. டீ பாக்டரி இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவராகவும் இருக்கலாம்.

#14 நீலமலைக் குறிஞ்சி

நான் இப்போ சென்னையில். 2016இல் இங்கே ஒரு நாயை மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறிந்தார்களே, மருத்துவ மாணவர்கள். நண்பனே வீடியோ எடுத்தான். அந்த நாய் கால் உடைந்து, பத்து நாளுக்கும் மேல் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டது. பத்ரா என்று பெயர் வைத்தார்கள். கைதானவர்கள் உடனே ஜாமீனில் வந்தார்கள், ஊரே கொதித்தது. பிறகு மருத்துவப் பல்கலைக்கழகம் ஆளுக்கு 2 லட்சம் கட்டச் சொன்னது. சட்டப்புத்தகத்தின் 50 ரூபாயை விட அது உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலை இடம், கல்லூரி, சங்கம் இவர்களும் தண்டிக்கலாம்.

ஒரு கேள்வி: ஆடு, கோழி சாப்பிடுகிற நாம் இதைப் பேசலாமா என்று என் அலுவலகத்தில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

#15 ஊட்டி சன்னத்து

பேசலாம். உணவுக்காகக் கொல்வதை 1960ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது, ஆனால் தேவையில்லாத வேதனை கொடுக்காமல் என்ற நிபந்தனையோடு. எலும்புச் சோற்றில் குருணை கலந்தவனுக்கு அந்த விலக்கு கிடையாது. இந்த இழையில் இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்பது என் விருப்பம், வேறு இடத்தில் பேசலாம்.

#16 நெறியாளர்

குன்னூர் மழையும் இன்னும் இருவரும் பதிவிட்டிருந்த படத்தையும் தொலைபேசி எண்ணையும் நீக்கியிருக்கிறோம். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும். விவாதம் தொடரட்டும்.

#17 குன்னூர் மழை

நீக்கினது சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோபப்படாம சொல்லுங்க. எங்க வீட்டு நாயையும் இதே மாதிரி யாரோ கொன்னாங்க. அப்பாவோட ஸ்டேஷனுக்குப் போனேன். நாய்க்கெல்லாமா கம்ப்ளெயின்ட்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு இப்பவும் காதுல கேக்குது. அப்புறம் எங்க போறது? போட்டோ போடறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல. வேற வழி தெரியாதவங்க.

#18 மருத்துவப்பை

குன்னூர் மழை, உங்க கோபம் நியாயம். அந்தச் சிரிப்பை நானும் பார்த்திருக்கேன். ஆனா பிரேதப் பரிசோதனை அறிக்கையை மேஜை மேல வெச்சப்போ அதே மாதிரி இடத்துல சிரிப்பு நின்னதையும் பார்த்திருக்கேன். காகிதத்துக்கு அந்த பலம் உண்டு.

பச்சைத்தேயிலை, ஐஸ் கிடைச்சுதா? புதைச்ச மூணையும் அவசியம்னா போலீஸ் முன்னாடி எடுக்கலாம், குளிர் நாள்தானே. ஆனா முதல்ல மூக்கன்.

#19 ஊட்டி சன்னத்து

சிரித்து அனுப்பினால் செய்ய வேண்டியது இது. புகாரை எழுத்தில் கொடுங்கள், 325 என்று எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தரவில்லை என்றால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். கடைக்காரரிடம் வீடியோவை வாட்ஸ்அப்பில் வாங்கினால் போதாது. கேமரா பெட்டியில் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும். மூலப்பதிவை போலீஸ் எடுக்கும்படி புகாரிலேயே கேளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்த வீடியோ நிற்காது. வீடியோ அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கலாம், காப்பாற்றவும் செய்யலாம். அதனால்தான் முழுப் பதிவு வேண்டும்.

#20 பச்சைத்தேயிலை (கோத்தகிரி)

எல்லாருக்கும் நன்றி. ஸ்டேஷன்ல இருந்து இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். முதல்ல மனுவா எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாங்க. 325னு எழுதியிருந்ததைப் பார்த்துட்டு உள்ள போய்ப் பேசிட்டு வந்தாங்க. கொஞ்ச நேரம் உட்கார வெச்சாங்க. அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டு நகல் குடுத்துட்டாங்க. கடைக்கு ஒரு போலீஸ்காரர் போயிருக்கார். மூக்கனைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போக ஆட்டோ சொல்லியிருக்கோம், போலீஸ் கடிதம் கையில இருக்கு. பொட்டலத்தையும் எடுத்துக்கிட்டாங்க.

குரூப்புல இருந்த போட்டோவை அழிக்கச் சொல்லி நானும் எங்க ஊர்ப் பெரியவரும் பேசினோம். சில பேர் அழிச்சாங்க, சில பேர் என்னை விலைபோயிட்டேன்னு எழுதினாங்க. அந்த ஆள் வீட்டுக் கதவுல யாரோ கல்லெறிஞ்சிருக்காங்க. அவரோட பிள்ளை எங்க பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. கல் விழுந்ததையும் ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் வந்தேன்.

இப்போ ஒரு சந்தேகம். கீழ்வீட்டு அக்கா முந்தின நாள் சாயங்காலம் பஸ் நிக்கிற இடத்துல ஒருத்தர் நாய்க்குச் சோறு போட்டதைப் பார்த்தேன்னு இப்பத்தான் சொல்றாங்க. குரூப்புல சொல்ற ஆள் இல்லையாம், வேற ஒருத்தர். பேரையும் சொன்னாங்க, இங்க நான் எழுத மாட்டேன். சாட்சி சொல்ல வர்றேங்கிறாங்க, ஆனா தன் பேர் வெளிய வருமான்னு பயப்படறாங்க. தனியா இருக்கிறவங்க. என்ன சொல்லட்டும்?

#21 தேவாலா லைன்

அக்காவைத் தனியா அனுப்பாதீங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். எங்க ஊர்ல யாரும் சொல்லாம இருந்ததுக்குக் காரணமே கூட நிக்க ஆள் இல்லாததுதான்.

#22 ஊட்டி சன்னத்து

பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். வழக்கு நடந்தால் குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் வரும், எதிர்த்தரப்புக்கும் தெரியும். அதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் வருகிறேன் என்றால், வாக்குமூலத்தை அவர் வீட்டிலேயே வந்து வாங்கச் சொல்லிக் கேட்கலாம். பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பார்த்ததை மட்டும் சொல்லட்டும்: யார், எத்தனை மணிக்கு, என்ன போட்டார். விஷம் வைத்தார் என்று அவராகச் சேர்க்க வேண்டாம், அதை ஆய்வகம் சொல்லும். மிரட்டல் வந்தால் உடனே தனிப் புகார் கொடுங்கள். நான் திங்கட்கிழமை கோத்தகிரி கோர்ட்டுக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் உங்கள் ஊருக்கு வந்து அந்த அம்மாவிடம் பேசுகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். பேருந்து எங்கே நிற்கும் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

#23 குன்னூர் மழை

நானும் வரட்டுமா அக்கா? விசாரணை நடக்கிற நாள்ல அவங்க கூட உட்கார ஒரு ஆள் வேணும்ல. குன்னூர்ல இருந்து பஸ் இருக்கு.